உன் அறை காலியாகிவிட்டது

சிந்துபூந்துறை,
திருநெல்வேலி.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிள் சாமான்கள் எல்லாம் விற்றாகிவிட்டன. கடைசிச் சிப்பம் போன வெள்ளிக்கிழமை மதுரைப் பேருந்தில் ஏறியது. தொலைபேசியில் சொல்லியிருந்தால், "நல்லதாப் போச்சு, எவ்வளவு வந்தது?" என்று கேட்டிருப்பாய், நான் ஒரு தொகையைச் சொல்லியிருப்பேன், பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். தொகையைத் தவிரவும் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருப்பதால், தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வீட்டை வீடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ கல்லூரிக்குப் போன நாளிலிருந்து சொல்லிவந்தாய். நானும் உன் கட்சிதான். அப்பா பட்டறைக்குப் போயிருந்த ஒரு பகலில், அவருக்குத் தெரியாமல் ஆளை வரச்சொல்லிக் காட்டியும் இருக்கிறேன். வந்தவர் உன் அறையிலும் பின்கட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றி, இரும்பு எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு என்று கண்ணாலேயே எடை போட்டு, மொத்தமாக 42,000 ரூபாய் என்றார். அன்றைக்கு அது பெரிய தொகையாகவே எனக்குப் பட்டது.

காயலான் கடை என்ற பெயரே நம் பக்கத்துக் காயல்பட்டினத்தாரிடமிருந்து வந்தது என்பார்கள். அந்தக் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த மழைதான் இந்த விற்பனைக்கும் பிள்ளையார் சுழி போட்டது. தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் வந்து, நாங்கள் எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவு இருந்த கதை உனக்குத் தெரியும். நீர் வடிந்த பிறகு நடந்தது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டிலும் வண்டல் விரலளவு படிந்திருந்தது. கிரீஸ் தடவி மெழுகுத்தாளில் சுற்றி, பிறகு ஒருமுறைகூடப் பிரிக்காமல் இருந்த பேரிங்குகள் பிழைத்துக்கொண்டன. யாரோ கேட்டார்கள் என்று பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி சுற்றி வைத்தவை துருப்பிடித்துப் போயின. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பாயின்ட், காயில், பேக்கிங் தாள் எதுவும் தேறவில்லை. பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் பதினோரு நாள் டீசலில் கழுவித் துடைத்தார்கள்.

அப்பாவின் கண்ணைச் சர்க்கரை எவ்வளவு தின்றுவிட்டது என்பதையும் அந்த நாட்களில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். ஒரு பாயின்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வாசலுக்குப் போய்ப் பார்த்தார், பிறகு பையனிடம் கொடுத்து, "இதுல துரு இருக்கா?" என்று கேட்டார். பாயின்ட் முழுக்கத் துருவாக இருந்தது. அடுத்த வாரம், நான் எதுவும் சொல்லாமலேயே, "வித்திருவோம் டீச்சர்" என்றார்.

விற்பது என்றால் முதலில் பட்டியல் வேண்டுமல்லவா? முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியவள், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தரையில் உட்கார்ந்து அட்டைச் சீட்டில் சாமான் பெயர் எழுதத் தொடங்கினேன். அப்பா ஓலைக் கடகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்துச் சொல்வார். நான் எழுதி நூலில் கட்டுவேன். முதலில் அவர் ஊகித்துச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஒரு போல்ட்டை எடுத்து, கட்டைவிரல் நகத்தைப் புரியின்மேல் வைத்து மெதுவாக இழுப்பார். "சைக்கிள் புரி. அங்குலத்துக்கு இருபத்தாறு. புல்லட்டுது" என்பார். இன்னொன்றை அதேபோல் இழுத்துவிட்டு, "இது மில்லிமீட்டர். ஜாவா" என்று இந்தப் பக்கம் தள்ளுவார். புல்லட் இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955இல் சென்னைக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரிலேயே முழுவதும் செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக்காரர்கள் 1970இல் கடையைக் கட்டிய பிறகும் இங்கே அந்தப் பழைய அங்குலப் புரியோடும் அங்குல அளவு நட்டுகளோடும்தான் வண்டி வந்துகொண்டிருந்தது. அதனால்தான் நம் வீட்டு ஸ்பேனர்களில் பாதி மற்ற பல வண்டிகளுக்குப் பொருந்தாமல் இருந்தன. நீ மிதிவண்டி நட்டைக் கழற்றப் போய் அழுதுகொண்டு வந்ததற்கும் அதுதான் காரணம் என்று இப்போது சொன்னார். அப்போது உன்னைத் திட்டியது நான்.

ஒரு பிஸ்டனை எழுதும்போது அளவையும் கேட்டு எழுதினேன். புல்லட்டில் பிஸ்டன் ஓடும் பிளாக்கின் வாய் 70 மில்லிமீட்டர். ஓடி ஓடித் தேய்ந்தால் லேத் பட்டறையில் போரிங் போட்டு, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டதில் இருபது, முப்பது, நாற்பது என்று பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். நாற்பதும் தேய்ந்துவிட்டால் புது ஸ்லீவ் இறக்கிப் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம்மிடம் முப்பதும் நாற்பதும் நிறைய இருந்தன. ஸ்டாண்டர்ட், அதாவது போரிங் போடாத பிளாக்குக்கானது, இரண்டே இரண்டு. எல்லாரும் ஸ்டாண்டர்டைத்தான் கேட்டார்கள்.

பட்டியல் முடியும்போது 1,136 சீட்டு கட்டியிருந்தேன். கொட்டிக் கிடந்ததாக நீயும் நானும் நினைத்த சாமானில், வண்டி வாரியாக, வருட வாரியாக அவர் மனத்தில் ஒரு வரிசை இருந்திருக்கிறது. அதை அவர் எழுதி வைக்கவில்லை, நாம் கேட்கவுமில்லை.

பையன்கள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். முதலில் வந்தவர் வெளியூர் வியாபாரி. ஜாவா டேங்க் மூன்று, ஜிகோவ் கார்புரேட்டர் ஏழு, பிஎஸ்ஏ வண்டியிலிருந்து கழற்றிய மின்சாரம் தரும் லூகாஸ் மேக்டைனோ ஒன்று ஆகியவற்றை மட்டும் பொறுக்கி வைத்துவிட்டு, மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா கோபப்படவில்லை. வெண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் மோரை யார் குடிப்பது என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கென்று ஒரு நடைமுறை வகுத்தோம். வண்டி வைத்திருப்பவருக்கு முதலில் கொடுப்பது. அவர் என்ன வண்டி, எந்த வருடம், இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று படம் அனுப்ப வேண்டும். டேங்க் வேண்டுமென்றால் அந்த வண்டிக்கான புஷ், கேபிள், ரப்பர் இருக்கும் டப்பாவையும் சேர்த்து வாங்க வேண்டும். இது வியாபாரத்துக்கு உதவாத முறை என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மெதுவாகவேனும் எல்லாம் போயிற்று.

ஒருவர் பணம் அனுப்பிவிட்டதாகப் பொய்ப்படம் காட்டி, இரண்டு கிராங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது என் கவனக்குறைவு. அதற்குப் பிறகு வங்கியிலிருந்து செய்தி வராமல் ஒரு நட்டுகூட வாசல் தாண்டவில்லை.

இன்னொரு விஷயத்தில் அப்பா கண்டிப்பாக இருந்தார். ஆர்.சி. புத்தகம் இல்லாத சேஸ், அதாவது வண்டிச் சட்டம், மூன்று கிடந்தன. நல்ல விலைக்குக் கேட்டார்கள். நம்பர் அடித்த சேஸைக் காகிதமில்லாமல் கொடுத்தால், அது நாளைக்கு எந்தத் திருட்டு வண்டிக்கு உடம்பாகும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி, மூன்றையும் கேஸ் வெல்டிங்காரரை வைத்து வெட்டச் செய்தார். நீ சொன்ன காயலான் கடைக்குப் போனது அந்தத் துண்டுகளும் வெள்ளத்தில் கெட்டவையும் மட்டும்தான்.

வந்தவர்களில் நாகர்கோவில் பையன் ஒருவனை எனக்கு மறக்காது. தாத்தாவின் எஸ்டி ரோட்கிங் வண்டி பத்து வருடமாகக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றதாம். அந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். உதைத்து ஸ்டார்ட் செய்த அதே கம்பியை மடக்கினால் அது கியராகிவிடும். அந்தப் பையனுக்கு அதுவே தெரியவில்லை, கியர் லீவரைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா அவன் கையைப் பிடித்து, நம் திண்ணையில் வைத்திருந்த இன்ஜின்மேல் வைத்து, எப்படி மடக்குவது, மடக்கி அழுத்தும்போது கிளட்ச் தானாக எப்படி விடுகிறது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். மத்தியானம் சொதியும் இஞ்சித் துவையலும் இருந்தன, சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். 9,000 ரூபாய்ச் சாமானை 6,500க்குக் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செலவெல்லாம் போக 3,07,500 ரூபாய் நின்றது. இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

மைசூரில் ஜாவாவும் எஸ்டியும் செய்த ஆலை 1996இல் மூடப்பட்ட பிறகு, அடுத்த வருடம் ஒரு கடைக்காரர் தம்மிடம் தேங்கிய புதுச் சாமான்களை மொத்தமாகத் தள்ளிவிட்டார். அதை வாங்க அப்பாவிடம் பணம் போதவில்லை. உன் பெயரில் அஞ்சலகத்தில் நான் போட்டுவந்த 18,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். உனக்கு ஒன்பது வயது. படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பா கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். பிறகு நீ பிளஸ் டூ முடித்து, சென்னையில் படிக்க வேண்டும் என்றபோது, கையில் பணமில்லை, இங்கேயே சாராள் தக்கர் கல்லூரியில் சேர்ந்துகொள் என்று சொன்னேனே, அன்றைக்கு அந்தப் பணம் உன் அறையில் உன் கட்டிலுக்கு அடியிலேயே பிஸ்டனாகவும் கிளட்ச் பிளேட்டாகவும் கிடந்தது. நீ அப்பாவோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என் பெயரைச் சொல்லாமல் அதைத் தாங்கிக்கொண்டார். நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இந்த விற்பனையில் அதிக விலைக்குப் போனது அந்த மைசூர்ச் சாமான்தான். அது மட்டும் 1,74,000 ரூபாய். அதை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே. கோபப்படுவதென்றால் என்மேல் படு. ஆனால் அப்பாவிடம் ஒருமுறை பேசிவிட்டு அதைச் செய்.

அவருடைய 1971 புல்லட்டை விற்கவில்லை. ஓட்ட முடியாது என்றாலும் காலையில் பையனை விட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்ஜினுக்குள் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் கூடியிருக்கிறது என்று நேற்று சொன்னார். பையன் திறந்து பார்த்தான், கூடித்தான் இருந்தது.

உன் அறையைக் கழுவிவிட்டேன். ஆயில் காவித் தரைக்குள் இறங்கியிருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் கட்டிலின் நான்கு கால் இருந்த இடம் மட்டும்தான் பழைய சிவப்பாகத் தெரிகிறது. ஓடு பதித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். தீபாவளிக்கு நீ வருவதற்குள் முடிக்க வேண்டுமென்றால் இந்த மாதமே சொல்ல வேண்டுமாம். என்ன நிறம் என்று எழுது.

அன்புடன்,
அம்மா