ஒரு கிளையும் ஒரு முதியவரும்

அன்புள்ள சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரை அறுவைக்குப் பிறகு மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

இத்தாலியம், நாப்போலியம், சிசிலியம், கார்சிகம் ஆகிய மொழிகள் அடங்கிய பெரிய மொழிக்கிளைக்கு, அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில் வழங்கி இன்று பேச ஆளில்லாமல் போன டால்மேசியத்தின் பெயரையும் சேர்த்து ‘இத்தாலிய–டால்மேசியம்’ என்று ஏன் அழைக்கிறார்கள் எனக் கேட்டிருந்தீர்கள். இத்தாலிக்கும் குரோவேசியாவுக்கும் இடைப்பட்ட அந்தக் கடலின் இரு கரைகளிலும் லத்தீனிலிருந்து கிளைத்தவை என்பதால் அவற்றை ஒன்றாக வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரின் பின்பாதி எவ்வளவு மெலிந்த சான்றின்மேல் நிற்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இன்று குரோவேசியாவில் கிர்க் எனப்படும் வெல்யா தீவில் வாழ்ந்த துவோனே உதாயினா என்ற முதியவரை, இளம் மொழியறிஞர் மத்தேயோ பார்தோலி 1897இல் சந்தித்து, ஏறக்குறைய 2,800 சொற்களையும் சில கதைகளையும் எழுதிக்கொண்டார். உதாயினாவுக்கோ வெனிஸ் மொழிதான் தாய்மொழி. வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே டால்மேசியத்தைக் கற்றிருந்தார், அதையும் பேசி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. காது மந்தம், பற்களும் இல்லை. ஒரு மொழியின் ஒலிகளுக்குச் சாட்சி சொல்லப் பொக்கைவாய்க்காரர் ஒருவரே எஞ்சியிருந்தார் என்பதை எண்ணினால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மறு ஆண்டு ஜூன் 10 அன்று சாலைப் பணியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் அவர் இறந்தார். பார்தோலியின் நூல் 1906இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இத்தாலிய மூலப்படி தொலைந்துபோயிற்று.

அந்தச் சொற்களும் இத்தாலியத்தோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. எட்டு என்பதற்கு இத்தாலியர் ‘ஓத்தோ’ என்கிறார்கள். உதாயினா சொன்ன ‘குவாப்தோ’ ருமேனிய ‘ஓப்த்’துக்கே நெருக்கம். இரவுணவைக் குறிக்கும் சொல்லிலோ, இத்தாலியமும் ருமேனியமும் ‘ச’கரமாக்கிவிட்ட பழைய லத்தீன் ‘க’கரத்தை ‘கைனா’ என்று டால்மேசியம் காத்திருக்கிறது. ஆகவே அதை இத்தாலியத்தின் தங்கையாக வைப்பதைவிட, இத்தாலியத்துக்கும் ருமேனியத்துக்கும் இடைப்பட்ட தனி மொழியாகக் கொள்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

தெற்கே, இன்றைய துப்ரோவ்னிக் நகரான ரகூசாவில் இதன் மற்றொரு வடிவம் வழங்கியது. அங்கே ரொட்டியைப் ‘பென்’ என்றும் வீட்டைக் ‘கேசா’ என்றும் சொன்னதாகப் பதினைந்தாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று உள்ளது. அவையில் ஸ்லாவிய மொழி பேசலாகாது, பழைய ரகூசா மொழியே வேண்டும் என்று 1472இல் செனட் சட்டமியற்றியும் அது பிழைக்கவில்லை. தெருவும் அடுக்களையும் ஏற்கெனவே ஸ்லாவியத்துக்கு மாறிவிட்டிருந்தன என்பதே காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

வடமொழி இலக்கணத்தில் தோய்ந்த உங்களுக்கு இந்த வகைப்பாட்டில் வேறு கருத்து இருக்கலாம், விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஞானசேகரன்