அந்த உரக்குழியை வகுப்பறைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்

பள்ளி நிர்வாகத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

நான்காம் ஆண்டு வகுப்புக்குப் பின்னால் இருக்கும் உரக்குழியைப் பற்றி நான் எழுதுவது இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு கடிதங்களோடும், என் மகனின் நோய் எதிர்ப்புக் குறைபாடு பற்றி மருத்துவர் கொடுத்த கடிதத்தை இணைத்திருந்தேன். விவரம் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் போன சனிக்கிழமை நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து பள்ளியில் கூட்டுப்பணி செய்யும் நாள். வகுப்பறைக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை மட்டும்தான் என்று சொன்னதால் மகனை அனுப்பினேன். மதியம் அழைத்துவரப் போனபோது, கையில் வாரியோடு குழிக்குள் நின்று மட்கிய இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தான். காலரிலும் புருவத்திலும் சாம்பல் நிறத் தூசு. "அம்மா, எல்லாரையும்விட நான்தான் நிறைய வாரினேன், டீச்சரே சொன்னாங்க" என்று ஓடி வந்தான். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட மனம் வரவில்லை. கார் பக்கத்திலேயே சட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

மற்றப் பிள்ளைகள் கிளறினால் நாலு தும்மல் வரும், குளித்தால் சரியாகிவிடும். மட்கும் இலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கும். அதன் வித்துகள் கண்ணுக்கே தெரியாது. மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகும். அங்கே வெள்ளை அணுக்கள் பூஞ்சையைப் பிடித்ததும் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கும். ஆக்சிஜனை இழுத்து, எலக்ட்ரானை ஏற்றி, சூப்பர் ஆக்சைடு ஆக்கும். அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகும். அப்புறம், நாம் தரை கழுவ ஊற்றுகிற குளோராக்ஸ் பிளீச்சின் இனத்தைச் சேர்ந்த ஓர் அமிலமும் உண்டாகும். கிருமியைத் தீர்த்துக்கட்ட உடம்பு வைத்திருக்கும் ஆயுதம் இது.

என் மகனின் வெள்ளை அணுவும் கிருமியைப் பிடிக்கும், விழுங்கும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அந்த நொதியின் ஒரு பாகத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதிலுள்ள பிழை என்னிடமிருந்து அவனுக்குப் போனது. கிரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ், சுருக்கமாக சிஜிடி என்பார்கள், சுமார் 2 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும். பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்குப் பிறகு அவன் இடது அக்குள் எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. அது என்ன என்று தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. தினமும் பாக்டீரியாவுக்கு எதிராக கோ-டிரைமாக்சசோலும் பூஞ்சைக்கு எதிராக இட்ராகோனசோலும் கொடுக்கிறோம். மருந்து ஒரு வேலி, அவ்வளவுதான். மட்கிய இலையைக் கிளறிய சிஜிடி நோயாளிகளுக்குப் பத்து நாட்களுக்குள் கடும் நிமோனியா வந்ததும், சிலர் இறந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இன்று ஆறாம் நாள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோனோம், எக்ஸ்ரே எடுத்தாயிற்று. காய்ச்சல் 38ஐத் தொட்டால் அந்த நிமிஷமே வரச் சொல்லியிருக்கிறார். விடியற்காலை 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்று 37.4 காட்டியது. விடியும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணினேன்.

போன கூட்டத்தில், "பையன் பார்க்க நல்லாத்தானே இருக்கான்" என்றீர்கள். பிள்ளை நல்லா இருப்பதற்கு வீட்டில் என்ன பாடுபடுகிறோம் என்று ஒருவராவது கேட்டீர்களா? அதற்கு மறுநாள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பானத்தின் படம் வந்தது. ஃப்ரீ ராடிக்கல்களை, அதாவது மேலே சொன்ன சூப்பர் ஆக்சைடு போன்றவற்றை, அழிக்குமாம், என் மகனுக்கு நல்லதாம். அவை அளவு மீறினால் செல்லைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் வெள்ளை அணுவில் அவை போதிய அளவு உண்டாகாததுதான் இவன் நோயே! படித்தவர்கள்கூட எல்லா நோய்க்கும் ஒரே பாட்டிலை நீட்டுகிறார்கள். மருத்துவரின் ஒரு பக்கக் கடிதத்தைப் படிக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. மன்னிக்கவும், மனத்தில் இருந்தது வந்துவிட்டது.

நான் கேட்பது இதுதான். அந்த உரக்குழியை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், தூசு பறக்காமல் நன்றாக நனைத்துவிட்டு, ஆள் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கூலியை நான் தருகிறேன். உரம் தயாரிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது நல்ல விஷயம்; திடலின் அந்தக் கோடியில், வகுப்பு ஜன்னலுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து, அவனுக்குப் பாடம் நடத்தும் எல்லா ஆசிரியர்களிடமும் கொடுங்கள்.

குழியை எடுத்துவிட்டோம் என்று எழுத்தில் ஒரு வரி வந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அவனைத் திரும்ப அனுப்புவேன். அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கும் வர வேண்டும் என்று இப்போதே அடம்பிடிக்கிறான். தயவுசெய்து அன்று அவன் கையில் பெயிண்ட் பிரஷைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாய்,
பினாங்கு