தர்பூசணி வெட்டிய வியாழக்கிழமை

சோழிங்கநல்லூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றிருந்தது. இங்கே இன்னும் அனல்தான். மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆர். நெடுகத் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். புழுதியைத் தின்றுகொண்டே ஆபீஸ் போய் வருகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. பெரியவள் ஒன்பதாம் வகுப்பா? நம்பவே முடியவில்லை.

நம் பழைய சாஃப்ட்வேர் ஆபீஸைப் பற்றி, "நாம் சிரித்த மாதிரி இப்போதும் அங்கே சிரிக்கிறார்களா?" என்று கேட்டிருந்தாய். சிரிக்கிறார்கள் செல்வி. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அதோடு உன்னிடம் கேட்க வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது.

வேலை எதுவரை வந்திருக்கிறது என்று வாராவாரம் பார்க்கும் நம் காலத்து ஸ்டேட்டஸ் ரிவ்யூ நினைவிருக்கிறதா? அது இன்னும் அதே வியாழக்கிழமை, அதே மூன்று மணி. எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு கட்டம். சிக்கல் என்றால் சிவப்பு, கொஞ்சம் கவனம் வேண்டும் என்றால் மஞ்சள், எல்லாம் சரி என்றால் பச்சை. எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கும் பெண் ஒரு கட்டத்தைச் சிவப்பாக்கியிருந்தாள். வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரும் இடத்தில் ஒரே தொகை இரண்டு முறை போகிறது. எந்தச் சூழ்நிலையில் போகிறது என்பதையும் படிப்படியாக எழுதி வைத்திருந்தாள். இரண்டு வருட அனுபவம்தான், ஆனால் அவ்வளவு சுத்தமான வேலை. அந்தச் சிவப்பு டீம் லீடிடம் போய் மஞ்சளானது. மேலே மேலே போய், கிளையண்ட் பார்த்த ஷீட்டில் பச்சை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. இப்படிப்பட்ட புராஜெக்டுக்குத் தர்பூசணி என்று பெயர். நம் துறையில் எந்த ஊர்க்காரரிடம் சொன்னாலும் புரியும். எங்கள் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த வியாழக்கிழமை பெரும்பாக்கம் ரோட்டோரக் கடையிலிருந்து நிஜமாகவே ஒரு தர்பூசணியை வாங்கி வந்துவிட்டார்கள். ஆறேழு கிலோ இருக்கும். ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கத்தி வாங்கி, பேன்ட்ரி மேஜையில் பழைய பேப்பரை விரித்து, ரிவ்யூ முடிந்த கையோடு வெட்டினார்கள். முதல் வெட்டு விழுந்து உள்ளே சிவப்பு தெரிந்ததும் பேன்ட்ரியே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எங்களைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அப்போதுதான் வாத்தியார் உள்ளே வந்தார்.

ஆமாம், நம் வாத்தியார்தான். 2006-ல் நம் இருவருக்கும் புரோகிராமில் பிழையைத் தேடித் திருத்த, அதாவது டீபக் பண்ண, கற்றுக்கொடுத்தவர். "எர்ரர் மெசேஜை முழுசாப் படிங்கம்மா, பாதி பதில் அதுலயே இருக்கு" என்பாரே, அவர். இப்போது அவர்தான் எங்கள் மேனேஜர். உள்ளே வந்தவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டு, "நல்லா இனிக்குதே, என்ன விசேஷம்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. ஒருவன் விதைகளைப் பேப்பரில் கூட்டிக்கொண்டிருந்தான், இன்னொருவன் மொபைலை எடுத்துக்கொண்டான். அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த துண்டைத் தின்று முடித்துக் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நமக்குக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே என்பதுதான் உறுத்தியது. வெள்ளிக்கிழமை அவர் கேபினுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பழத்தின் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நேத்தே புரிஞ்சுடுச்சும்மா" என்றார். லீட் மஞ்சளாக்கியதை அவர் மறுபடி சிவப்பாக்கித்தான் மேலே அனுப்பியிருக்கிறார். 'கிளையண்ட் முன்னால் சிவப்பு வேண்டாம், எப்படியும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவீர்கள்தானே' என்று மேலே கேட்டிருக்கிறார்கள். "சரின்னு சொல்லிட்டேன். அந்த 'சரி'தான் தப்பு" என்றார்.

அப்புறம் லேப்டாப்பைத் திருப்பி என்னிடம் ஒன்று காட்டினார். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் தனக்காக எழுதி வைத்திருக்கிற புரோகிராம் கோட். யாரும் கேட்டு எழுதியதில்லை. வேலைகளை மொத்தமாகச் சேர்த்து ஓட்டுகிற பழைய பேட்ச் ஜாப் ஒன்றை எடுத்துப் பாதி நேரத்தில் ஓடும்படி மாற்றியிருந்தார். அதை விளக்கும்போது அவர் குரலே மாறிவிட்டது செல்வி. அப்படியே 2006-ல் கேட்ட குரல். பகல் முழுக்க அடுக்கடுக்காக மீட்டிங். கை நிறையத் திறமை இருக்கிற மனிதர் திருட்டுத்தனமாக ராத்திரியில் கோட் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கோளாறு என்ன ஆயிற்று என்று கேட்பாய். சனி இரவு லைவ் போனோம், அதாவது வாடிக்கையாளர்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டோம்; நள்ளிரவுக்குள் இரட்டைப் பணம் போக ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி, திருத்தி, கணக்கைச் சரிக்கட்டி முடிக்க ஞாயிறு மாலை ஐந்து மணி. டெஸ்டிங் பெண் கான்ஃபரன்ஸ் ரூம் கார்ப்பெட்டில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்தாள், அவ்வளவுதான். அவள் சொன்னதை யாராவது காதில் வாங்கியிருந்தால் இரண்டு நாள் வேலை.

'பீட்டர் பிரின்சிபிள்' புத்தகத்தில் லாரன்ஸ் பீட்டர் 1969-ல் சொன்னது உனக்கும் தெரியும்: நன்றாக வேலை செய்கிறவரை ஏற்றிக்கொண்டே போவார்கள், அவருக்கு வராத வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்த பிறகுதான் நிறுத்துவார்கள். அவர் அதை வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை நிஜக் கணக்கில் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனை ஊழியர்கள். யார் அதிகம் விற்றார்களோ அவர்களுக்குத்தான் பதவி உயர்வு கிடைத்தது. மேனேஜரானதும், யார் முன்பு அதிகம் விற்றார்களோ அவர்கள் டீம்தான் பின்தங்கியது. படித்தபோது எனக்கு வாத்தியார் முகம்தான் கண் முன்னால் நின்றது. நாம் எத்தனை முறை 'மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது' என்று சிரித்திருப்போம்! நிறையத் தெரிந்தவர்கள்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்ததைச் செய்ய விடாத நாற்காலி அது.

இதைச் சொல்லும்போது உன் விஷயம் நினைவுக்கு வராமல் இருக்குமா? மணி கட்டுகிற கதை. வருடாந்திர மதிப்பீடான அப்ரைசல் வந்தால் "இந்த வருஷம் மணி யார் கழுத்தில்?" என்று ஃப்ளோர் முழுக்கப் பேசிச் சிரிப்போம். ரேட்டிங்கை மணி வடிவக் கோட்டில் அடுக்குகிற பெல் கர்வ் முறை என்றால் பத்துப் பேரில் ஒருவராவது கடைசியில் நிற்க வேண்டும், பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும். 2012-ல் அந்த மணியை உன் கழுத்தில் கட்டினார்கள். பிரசவத்துக்கு மூன்று மாத லீவு போனாய் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நீ திரும்பி வந்து அந்த ரேட்டிங்கைப் பார்த்த மதியம், லேடீஸ் ரூமில் முகம் கழுவிக்கொண்டே இருந்தாய். குழாயை நிறுத்தவே இல்லை. நான் வெளியே நின்றேன். அன்றைக்கு நான் உள்ளே வந்திருக்க வேண்டும், மறுநாள் உனக்காக எச்.ஆர்.-இடம் போயிருக்க வேண்டும். இத்தனை வருடமும் இதை உன்னிடம் சொன்னதில்லை. நீ வேலையை விட்டுப் போன அடுத்த வருடம், 2013 நவம்பரில், மைக்ரோசாப்ட் நிறுவனமே அந்த முறையைக் கைவிட்டது. செய்தியைப் படித்துவிட்டு உன் காலி நாற்காலியைப் பார்த்தேன்.

இப்போது கேட்க வேண்டியது. வாத்தியார் மேனேஜர் வேலையை விட்டு, சாஃப்ட்வேரை வடிவமைக்கிற டெக்னிகல் ஆர்க்கிடெக்ட் பக்கம் மாறப் போகிறார். அவரே எழுதிக் கேட்டு வாங்கியது. பதவி ஒரு படி கீழே என்றாலும் முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது. அந்த இடத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எனக்கும் கோட்தான் பிடிக்கும். ஆனால் அந்தப் பேன்ட்ரியில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே வெட்டிய பழம்தான் அந்த வாரம் எங்கள் ஆபீஸில் எழுதப்பட்ட ஒரே உண்மையான ரிப்போர்ட். அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி அந்த நாற்காலியில் இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அதனால் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். என் டீம் போட்ட நிறத்தை யார் மாற்றினாலும் அந்தக் கட்டத்தில் அவர் பெயரும் காரணமும் இருக்க வேண்டும். பிரசவ லீவில் இருக்கிற யாரையும் ரேட்டிங் வரிசையில் நிறுத்தக் கூடாது. இப்போது சட்டப்படியே 26 வாரம், அத்தனை நாள் இல்லாதவளை வைத்து எண்ணிக்கையை நிரப்பிவிடுவது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். இரண்டையும் எழுத்தில் தந்தால் ஒப்புக்கொள்வேன். தராவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுகிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது? கடிதம் போய்ச் சேருவதற்குள் பதில் சொல்லியிருப்பேன். ஆனாலும் எழுது, நீ சொல்வது எனக்கு வேண்டும்.

இன்னொன்று. உன் க்யூபிக்கிள் சுவரில் டில்பர்ட் கார்ட்டூன்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தாயே, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி முடி நிற்கும் அந்தப் பெயரில்லாத மேனேஜர்! அதை வரைந்த ஸ்காட் ஆடம்ஸ் ஒரு தொலைபேசி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே 1989-ல் ஆரம்பித்தார். 1993-ல் கார்ட்டூனிலேயே ஈமெயில் முகவரியைப் போட்டார். எங்கெங்கோ இருந்த ஊழியர்கள் தங்கள் ஆபீஸ் கூத்துகளை எழுதி அனுப்பினார்கள். 2023-ல் கறுப்பின மக்களைப் பற்றி அவர் பேசிய பேச்சால் ஏராளமான பத்திரிகைகள் அதை நிறுத்திவிட்டன. அந்தப் பேச்சை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பில் பெரும்பங்கு, எழுதி அனுப்பிய அத்தனை பேருக்கும் சொந்தம் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஃப்ளோரில் க்யூபிக்கிள் சுவர்களை எடுத்துவிட்டு நீள மேஜை போட்டபோது, நீ ஒட்டியவற்றை நகத்தால் மெதுவாகப் பெயர்த்து என் டைரியில் வைத்தேன். ஐந்து இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் நீ பேனாவால் 'இது நம் ஆள்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். பசை காய்ந்து பேப்பர் உதிர்கிறது, பார்த்துப் பிரி.

அன்புடன்,
கலா