புலம்பெயர்ந்த பிள்ளைகளின் முதலாண்டும் நமது தொலைபேசி அழைப்புகளும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், திருகோணமலையில் நான் அறிந்த இளங்குடும்பங்கள் சில கனடாவுக்குக் குடிபெயர்ந்துள்ளன. கடவுச்சீட்டு, விசா, வங்கிக் கூற்று, ஆங்கிலப் பரீட்சை என்று புறப்படும் நாள்வரை நடக்கும் ஆயத்தங்களில் வீட்டார் அனைவருமே பங்குகொள்கிறோம். ஆனால் போய் இறங்கியபின் அவர்கள் அன்றாடம் எப்படி வாழப் பழகுகிறார்கள் என்பதை நாம் கேட்டறிவதில்லை. சுகம் விசாரிப்பதாக எண்ணிக்கொண்டு நமது தேவைகளையே சொல்லிவருகிறோம். நானும் அவ்வாறு நடந்தவள் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

என் மகன் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் குடியேறிய முதலாண்டில், மதியச் சமையலை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணியளவில் அவனை அழைப்பது என் வழக்கம். குளிர்காலத்தில் ரொறன்ரோ நேரம் நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்தங்கியது. ஆகவே அங்கு அப்போது இரவு ஒன்றரை மணி. களஞ்சியசாலை வேலைக்காக நான்கு மணிக்கு எழவேண்டிய பிள்ளை, ஊரில் யாருக்கு என்னவோ என்று பதறி எழுந்து பேசுவான். குரல் ஏன் சோர்ந்திருக்கிறது என்று கேட்டால், “ஒன்றுமில்லை அம்மா” என்பான். அந்த அழைப்புகளிலேதான் கோயில் உபயத்துக்கும், உறவினர் வீட்டுச் சடங்குக்கும் பணம் அனுப்பும்படி கேட்டேன். நிலக்கீழ் வீட்டுக்கு முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் ஒருங்கே கட்டிவிட்டு, கையிலிருந்ததை எண்ணி எண்ணி அவன் செலவிட்ட மாதங்கள் அவை. இங்கு எத்தனை ஆண்டுகள் நேர்மையாகக் கடன் தீர்த்தவராயினும், அந்நாட்டு வங்கிக்குப் புதியவரின் கடன் வரலாறு வெற்றுத்தாளே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பிறகு ஓர் ஒக்டோபர் முதல் மார்ச் வரை அவர்களுடன் தங்கியிருந்தேன். குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். இருளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. டிசெம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நமது மார்கழி மாரியில் வானம் நாட்கணக்காக மூடியிருந்தாலும், வேலிக்கு மேலால் அயலவரின் குரல் கேட்கும், மீன்காரர் வருவார், கோயில் மணி ஒலிக்கும். அந்த நிலக்கீழ் வீட்டிலோ சிறு ஜன்னலின் பாதியைப் பனி மூடியிருக்க, இங்கே பாலர் பாடசாலையில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று பழகிய என் மருமகள், மூன்று வயதுக் குழந்தையோடு பகல் முழுவதும் தனித்திருந்தாள். கடுகு தாளித்தாற்கூடப் புகையை உணரும் கருவி அலறும். திறந்துவிடப் பெரிய ஜன்னலும் இல்லை. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று அவள் தாளிப்பதையே நிறுத்திவிட்டிருந்தாள். அதைக் கண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளை மீட்டது பொது நூலகம். சிறுவர்களுக்கு அங்கு இலவசமாகக் கதை சொல்லுவார்கள் என்று பஸ்ஸில் ஒரு தாய் கூறக்கேட்டுப் போகத் தொடங்கியவள், அங்கு மூன்று நான்கு தாய்மாரோடு பழகி, நிரந்தர வதிவிட அனுமதி பெற்றவர்களுக்கு அரசு இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்பையும் அறிந்துகொண்டாள். ஆங்கிலத்தைப் பிழையின்றி வாசிக்கக் கூடியவளாயினும், தொலைபேசியில் வேகமாகப் பேசுவோருக்குப் பதிலளிக்க அதுவரை அஞ்சியிருந்தாள்.

“அங்கேதான் எங்கும் தமிழ்க்கடைகள், கோயில்கள், பிறகு என்ன கஷ்டம்?” என்று இங்கு பலர் கேட்கிறார்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழ் அகதிகளுக்கு இருந்த நிலை இன்றில்லை என்பது உண்மையே. முருங்கைக்காயும் அரிசிமாவும் ஸ்காபரோவில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆயினும் வீதியின் வலப்பக்கத்தில் வாகனம் ஓட்டப் பழகுவதையும், பதினொரு ஆண்டு அனுபவமுள்ள தொழிலை விட்டுப் பெட்டி அடுக்குவதையும் எந்தக் கடையும் இலகுவாக்கிவிடாது.

ஆகவே முதலாண்டில் அவர்களிடம் பணம் கேட்காதிருப்போம். பேச வேண்டுமாயின் நமது விடியற்காலை ஐந்தரை மணி, குளிர்காலத்தில் அவர்களுக்கு இரவு ஏழு மணி. வேலை முடிந்து வீடு திரும்பியிருக்கும் நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பதால், அக்காலத்தில் வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலமாகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

புறப்படவிருப்போருக்கும் சில சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளின் தடுப்பூசி விபரமுள்ள கிளினிக் கொப்பியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்துச் செல்லுங்கள்; ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தின் பாடசாலைகள் அதனைக் கேட்கும். இங்கு வாகனம் ஓட்டிய அனுபவத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் உறுதிசெய்து கொண்டால், அங்கு ஓட்டுநர் பரீட்சைக்குக் காத்திருக்கும் காலம் குறையும். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாதபோது அம்மாகாணத்தில் 211 என்ற இலக்கத்தை அழைத்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பேசலாம். வேலைக்கும் வரிக்குமென அங்கு ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண்ணை, தொலைபேசியில் அதிகாரி போல் மிரட்டிக் கேட்கும் எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இவற்றை அவரவர் இடறி விழுந்துதான் அறிய வேண்டும் என்பதில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் விடுமுறைக்கு ஊர் வருவோர் நிலாவெளிக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் சென்று திரும்புகிறார்கள். அவர்களுள் விரும்புவோரை நமது பொது நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலையில் அழைத்து, புறப்படவிருப்போரும் அவர்களது பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து கேள்வி கேட்க இடமளிக்குமாறு நகரின் சமூக அமைப்புகளை வேண்டுகிறேன். பெற்றோர் அவசியம் வரவேண்டும். என் மருமகள் முதல் ஆண்டில் அறிந்தவற்றையெல்லாம் தமிழில் எழுதித் தந்த நாற்பது பக்கக் கொப்பியொன்று என்னிடமிருக்கிறது. அத்தகைய கூட்டம் நடக்குமாயின், அதன் பிரதிகளை எடுத்து வந்து தருவேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.