கியோனுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் நலம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அலுவலகத் தோழிகளுடன் நாகோயாவிலிருந்து கியோட்டோவுக்குப் போகப்போவதாகவும், அங்கே கியோன் பகுதியில் ஒரு மைக்கோவையாவது, அதாவது நடனமும் இசையும் பயிலும் அந்த ஊர் இளம்பெண் ஒருத்தியையாவது, படம் எடுக்காமல் திரும்புவதில்லை என்று அவர்கள் உறுதியாக இருப்பதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அவசரமாகப் பேசி முடிக்கக்கூடிய செய்தி இல்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018இல் நானும் அப்பாவும் சுற்றுலாக் குழுவோடு கியோட்டோ போனபோது, மாலை ஐந்தரை மணிக்கு மேல்தான் மைக்கோக்கள் வெளியே வருவார்கள், கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களை அழைத்துப் போனவர் ஹனாமிகோஜி தெருமுனையில் நிறுத்திவைத்தார். சற்று நேரத்தில் பக்கத்துச் சந்திலிருந்து மரக்காலணி ஓசையோடு ஒரு பெண் வந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஓடிப்போய், வழியை மறித்தாற்போல நின்று மூன்று படங்கள் எடுத்தேன். அவள் நிற்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, அந்த உயரமான காலணியில் எவ்வளவு விரைய முடியுமோ அவ்வளவு விரைந்து போனாள். ஊருக்கு வந்து அந்தப் படத்தை உறவினர் எல்லோருக்கும் காட்டினேன். முதலாண்டு மைக்கோ கீழுதட்டில் மட்டுமே சாயம் பூசிக்கொள்வாள் என்பதைப் பிறகு ஒருநாள் படித்தபோது, அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். கீழுதடு மட்டும் சிவந்திருந்தது. நீ பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வயதுதான் அவளுக்கும் இருந்திருக்கும். பள்ளிக்குப் போகும் வழியில் முன்பின் தெரியாத ஒருவர் உன் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டியிருந்தால் நான் பொறுத்திருப்பேனா? அன்றைக்கே அந்தப் படங்களை அழித்துவிட்டேன். அவள் தலை குனிந்தது மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர்கள் யார் என்பதை உன் தோழிகளுக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். நாம் கெய்ஷா என்று சொல்பவர்களைக் கியோட்டோவில் கெய்கோ என்கிறார்கள். இரண்டு சொற்களிலும் இருக்கும் 'கெய்' என்பதற்குக் கலை என்றே பொருள். மைக்கோ என்பவள் அந்தக் கலையைப் பயிலும் பெண். நடுநிலைப் பள்ளியை முடித்து, பதினைந்து பதினாறு வயதில் ஓக்கியா என்னும் இல்லத்தில் சேர்ந்து, அந்த வீட்டை நடத்தும் மூத்த பெண்மணியை 'அம்மா' என்றே அழைத்து, நடனமும் ஷாமிசென் என்னும் மூன்று தந்தி இசைக்கருவியும் தேநீர்ச் சடங்கும் கியோட்டோவின் மென்மையான பேச்சுவழக்கும் சுமார் ஐந்தாண்டுகள் கற்ற பிறகே அவள் கெய்கோ ஆகிறாள். கெய்கோ பொய்முடி அணிவாள். மைக்கோவோ தன் சொந்தக் கூந்தலையே அலங்கரித்துக்கொள்வதால், அது கலையாதிருக்க உயரமான தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்கப் பழகுகிறாள். முதுகில் தொங்கும் ஓபி என்னும் நீண்ட இடுப்புப் பட்டையின் நுனியில் அவளுடைய ஓக்கியாவின் சின்னம் நெய்யப்பட்டிருக்கும். மாலையில் அவள் விரைந்து நடப்பது, ஏதோ ஓர் ஓச்சாயாவில் விருந்தினர் காத்திருப்பதால்தான்.

ஓச்சாயா என்றால் தேநீர் இல்லம் என்று பொருள்பட்டாலும் அது தேநீர்க் கடை அல்ல; கெய்கோவும் மைக்கோவும் ஆடிப் பாடி விருந்தினரை உபசரிக்கும் இல்லம். ஏற்கெனவே அறிமுகமான ஒருவர் அழைத்துச் சென்றாலன்றி அங்கே புதியவரை ஏற்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். நம்மை வெளியே நிறுத்துகிறார்களே என்று முதலில் எனக்கும் வருத்தமாக இருந்தது. ஆனால் கணக்கெல்லாம் நம்பிக்கையின் பேரில் பின்னால் தீர்க்கப்படும் வீட்டில், விருந்தினரின் விருப்பு வெறுப்பு அறிந்து ஒவ்வொரு மாலையையும் அமைப்பவர்களால், யாரென்றே தெரியாதவரை எப்படி உபசரிக்க முடியும்? ஆகவே வாசல் திரையை விலக்கி எட்டிப் பார்க்கவோ, சுவரடியில் வளைத்து வைத்திருக்கும் மூங்கில் தட்டிகளில் சாயவோ, படிக்கட்டில் உட்கார்ந்து தின்பண்டம் சாப்பிடவோ வேண்டாம். அவை வீடுகள்.

நாங்கள் போய்வந்த அடுத்த ஆண்டிலேயே, 2019இல், தனியார் வழிகளில் அனுமதியின்றிப் படம் எடுத்தால் 10,000 யென் கட்டணம் என்று அங்குள்ளவர்கள் பலகை வைத்தார்கள். அப்போதும் அடங்கவில்லை. ஒரு மைக்கோவின் கிமோனோ கிழிந்ததையும், இன்னொருத்தியின் கழுத்துப்பட்டிக்குள் யாரோ சிகரெட் துண்டைப் போட்டதையும் செய்தியில் படித்து நான் கலங்கிப்போனேன். 2024இல் குறுகிய தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். ஹனாமிகோஜி பெருந்தெரு பொதுவழி என்பதால் அதில் தாராளமாக நடக்கலாம். பக்கச் சந்துகளின் முகப்பில் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். தற்செயலாக ஒரு மைக்கோ எதிரே வந்தால், கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள். பின்தொடர வேண்டாம்.

அவர்களைக் கண்குளிரப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று அவர்களே அழைக்கும் இடம் இருக்கிறது. தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்விட்ட பிறகு சோர்ந்திருந்த கியோட்டோவை எழுப்புவதற்காக நடந்த கண்காட்சியையொட்டி 1872இல் தொடங்கிய 'மியாகோ ஓதோரி' என்னும் நடன விழா, ஒவ்வோர் ஏப்ரலிலும் நடக்கிறது. கியோன் கோபு கபுரென்ஜோ என்ற அவர்களுடைய அரங்கம் நெடுநாள் மூடியிருந்து, 2023இல் தான் விழா மறுபடியும் அங்கே திரும்பியது. நீங்கள் போகும் வாரத்தில் விழா நடந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரு மணிநேர நிகழ்ச்சி. இளவேனிலில் தொடங்கி நான்கு பருவங்களையும் ஆடிக் காட்டிச் செர்ரிப் பூக்களோடு முடியும். நுழைவுச்சீட்டுக்குச் செலவாகும் பணத்தை வீண் என்று நினைக்காதே. அது அவர்களுடைய உழைப்புக்கே போய்ச் சேரும்.

ஓச்சாயாவின் உட்புறத்தைப் பார்க்கும் ஆசை இருந்தால் அதைக் கனசாவா பயணத்துக்கு ஒதுக்கி வை. அங்குள்ள ஹிகாஷி சாயா பகுதியில் 1820இல் கட்டிய 'ஷிமா' என்ற இல்லத்தைக் காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள்; விருந்தினர் அமர்ந்த மேல்மாடிக் கூடங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

கியோனைக் கூட்டம் சேருமுன் காலையிலேயே சுற்றிப் பாருங்கள். ஷிராகவா ஓடைக்கரையில், தாழ்ந்த மரவீடுகளுக்கு எதிரே செர்ரி மரங்கள் நீரின்மேல் சாய்ந்திருக்கும். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். இரவு வெகுநேரம் விழித்திருந்து வேலை செய்தவர்கள் அந்த வீடுகளில் இருப்பார்கள்.

ஓதோரி தொடங்கும்போது அரங்கத்துக்குள்ளிருந்து "மியாகோ ஓதோரி வா" என்று ஒரு குரல் எழும். ஆடப்போகும் பெண்கள் எல்லோரும் "யோய்யாசா" என்று பதில் கொடுத்தபடி இருபுறமும் வருவார்கள் என்று படித்திருக்கிறேன். எங்களுக்கு அன்று அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நீ கேட்டுவிட்டு வந்து, அது எப்படி ஒலித்தது என்று அம்மாவுக்கு விரிவாக எழுது.

அன்புடன்,
அம்மா