142 காணுமோ என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றபோது நீர் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “ரீச்சர், மகன் ஸ்கொலசிப் மாதிரிப் பேப்பரில 200க்கு 142 எடுக்கிறான். காணுமோ?” என்றீர், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து. பூசைக்கு மணி அடித்துவிட்டது என்று சாட்டுச் சொல்லி உள்ளே போய்விட்டேன். மணி அடித்தது உண்மைதான். ஆனால் நான் நழுவினது அதற்காக அல்ல. நீர் 142 என்றதும், உமக்குப் பின்னால் நின்ற அவன் என்னுடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அந்த எண் நல்லதா கூடாததா என்று என் முகத்தில் தேடினான். அந்த நேரம் முகத்தை எப்படி வைத்திருப்பது என்று முப்பது வருடம் படிப்பித்த எனக்கே தெரியவில்லை.

இதை உமக்குத் தனியாக எழுதியிருக்கலாம். இந்த ஒரு மாதத்துக்குள் இதே கேள்வியை இன்னும் நாலு தாய்மார் கேட்டுவிட்டார்கள், அதனால்தான் பொதுவில் போடுகிறேன். பேரும் இல்லை, ஊரும் இல்லை. கோபிக்க வேண்டாம்.

142 காணுமோ என்றால், எனக்குத் தெரியாது. மாதிரிப் பேப்பரை ஆர் போட்டது, எவ்வளவு இறுக்கிப் போட்டது என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளி ஏறும், இறங்கும். இத்தனை எடுத்தால்தான் தெரிவு என்கிற வெட்டுப்புள்ளியோ பரீட்சை முடிந்த பிறகுதான் பிறக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, தமிழ்மொழி மூலத்துக்கு வேறு, சிங்களமொழி மூலத்துக்கு வேறு, வருடத்துக்கு வருடம் வேறு. அதிலும் இரண்டு விதம் இருக்கிறது என்பதைப் பல பெற்றோர் பெறுபேறு வந்த அன்றைக்குத்தான் அறிகிறார்கள். ஒன்று, அரசாங்கம் தரும் உதவுதொகைக்கானது. மற்றது, பேர்போன கல்லூரிகள் தரம் 6க்குப் பிள்ளைகளை எடுக்கும்போது கல்லூரிக்குக் கல்லூரி தனியாக வருவது. அது அநேகமாக முதலாவதைவிட உயரத்தில்தான் நிற்கும். ஒன்றைத் தாண்டி மற்றதைத் தாண்டாமல் நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். வென்றேனா தோற்றேனா என்று அவர்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்துவதில்லை.

ஆகவே ‘காணுமோ’ என்று கேட்க முதல் ‘எதுக்கு’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதை உம்முடைய வீட்டில் ஆரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியோடு சேர்ந்து வளர்ந்த திட்டம் இந்தப் புலமைப்பரிசில். வசதியில்லாத ஊர்ப்பிள்ளை, படிக்கக்கூடியது, மத்திய கல்லூரிக்குப் போய் விடுதியில் நின்று படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். எத்தனையோ வீடுகளின் தலையெழுத்தை அது மாற்றியிருக்கிறது, என்னுடைய தமையனார் வீடு உட்பட. இன்றைக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள், உதவுதொகை போவது குடும்ப வருமானம் குறைந்தவர்களில் சுமார் 20,000 பேருக்கு. அந்தக் காசு மாதம் 750 ரூபாவாக இருந்தது, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். நீர் மாதம் மாதம் ரியூசனுக்கு எவ்வளவு கட்டுகிறீர் என்று நான் கேட்கவில்லை. நீரே ஒரு துண்டில் எழுதிக் கூட்டிப் பாரும்.

காசுக்காக இல்லை, கல்லூரிக்காக என்பீர். சரி. மகனுடைய பள்ளிக்கூடம் தரம் 5 வரைதான், எப்படியும் அவன் வேறு இடம் போகத்தான் வேண்டும். பக்கத்து மகா வித்தியாலயம் சைக்கிளில் பத்து நிமிடம், அங்கே ஸ்கொலசிப் கேட்க மாட்டார்கள். ரவுணில் இருக்கிற கல்லூரி என்றால் விடிய ஆறு மணிக்கு பஸ், பின்னேரம் மூன்று மணிக்கு மேல்தான் வீடு. பதினொரு வயதில் ஒவ்வொரு நாளும் அப்படிப் போய்வர அவன் விருப்பமா, அவனால் முடியுமா, நீங்கள் மூன்று பேரும் ஒருநாள் இருந்து கதைத்தீர்களா? கதைத்துவிட்டு ‘ஓம், போகத்தான் வேணும்’ என்றால் நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். கதைக்காமல் ஓடுகிறதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஒரு வருடம் என்னுடைய வகுப்பில் 31 பிள்ளைகள், வெட்டுப்புள்ளிக்கு மேலே நாலு பேர். கல்வி வலயத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்தின் சித்தி வீதத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதிபருக்கு அந்த நெருக்கடி. அடுத்த கிழமையே கௌரவிப்பு விழா. நாலு பேருக்கும் மாலை, மேளம், படலையில் பெரிய பதாகை, அதில் அவர்களுடைய படம். மற்ற 27 பேரையும் இரண்டு வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னது நான். வரிசை கோணாமல் நிற்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிய ஒரு பெட்டைப்பிள்ளை வந்து, “ரீச்சர், நாங்கள் ஃபெயிலோ?” என்று கேட்டாள். அவளுக்கு 118 புள்ளி. இரண்டு பேப்பரிலும் சேர்த்து 70 எடுத்தாலே சித்தி என்று சொல்வார்கள், அவள் அதைத் தாண்டி எங்கேயோ நின்றாள். அந்தப் பதாகைக்கு முன்னால் நின்று அதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? “இல்லையம்மா, வீட்ட போங்கோ” என்றேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கதையே அதற்காகத்தான் என்று ஆகிவிடும்.

நீர் மறுநாள் மகனிடம் கொடுத்துவிட்ட பேப்பர்க் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மே மாதம் தொடங்கி 22 பேப்பர். இதில் உமக்குப் பிரயோசனமாகச் சில விசயம் சொல்லலாம்.

முதலாவது, அழிறப்பர் அடையாளம். இரண்டாம் வினாத்தாளில் 60 கேள்விக்கு ஒன்றேகால் மணித்தியாலம். தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் அதற்குள். மகன் முதல் இருபது கேள்வியில் பல விடைகளை அழித்து அழித்து எழுதியிருக்கிறான், தாள் தேய்ந்து பின்பக்கம் தெரிகிறது. கடைசிப் பத்தில் பாதி வெறுமையாக இருக்கிறது. தெரியாமல் இல்லை, நேரம் போய்விட்டது. அழித்த இடங்களில் முதல் எழுதியது என்னவென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அநேகமான இடத்தில் முதல் எழுதியதுதான் சரி. பயந்த பிள்ளையின் பேப்பர் இப்படித்தான் இருக்கும். ‘கவனமாச் செய், கவனமாச் செய்’ என்று வீட்டில் நாளுக்கு எத்தனை தரம் சொல்கிறீர்கள்?

இரண்டாவது, முதலாம் வினாத்தாளில் நுண்ணறிவுக் கேள்வி 40, ஒரு மணித்தியாலம். ‘பொருந்தாத உரு எது’ என்று கேட்க, பொருந்துகிற உருவுக்கு மூன்று பேப்பரில் குறி போட்டிருக்கிறான். அது மூளைக் குறைவல்ல, நித்திரைக் குறைவு. அந்த மூன்று பேப்பரும் ரியூசன் முடிந்து வந்து இரவில் செய்தவை. ஓரத்தில் உம்முடைய கையெழுத்தில் நேரம் எழுதியிருக்கிறீர்: 9.40, 10.05, 9.55.

ஒரே நாளில் இரண்டு பேப்பர் செய்விப்பதை விடும். கிழமைக்கு ஒன்று போதும். சனிக்கிழமை காலமை ஒன்பதரைக்கு, சாப்பிட்ட பிறகு, மேசையில் இருத்திச் செய்ய விடும். அண்மைய வருடங்களில் பரீட்சை நாளில் இரண்டாம் வினாத்தாளைத்தான் முதல் கொடுக்கிறார்கள், 9.30 தொடக்கம் 10.45. பிறகு அரை மணித்தியாலம் விட்டு 11.15க்கு முதலாம் வினாத்தாள். இந்த ஒழுங்கிலேயே பழகட்டும். இடைவேளையில் அவன் முகம் கழுவி, வாழைப்பழம் ஒன்று தின்று, சும்மா இருக்கப் பழக வேண்டும். உமக்கும் அந்த அரை மணித்தியாலம் வாயைத் திறக்காமல் இருக்கப் பழக்கம் வேண்டும், அதுதான் கஷ்டம். பிழை விட்ட கேள்விகளை அன்றைக்குத் தொட வேண்டாம். திங்கட்கிழமை எடுத்து, அவனையே உமக்குச் சொல்லித்தரச் சொல்லும்.

வகுப்பு ரீச்சரைப் பற்றி நீர் கொஞ்சம் குறையாகக் கதைத்தீர், ‘ரியூசன் சேர் அளவுக்கு வராது’ என்று. அந்தப் பிள்ளை பின்னேரம் வரைக்கும் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிறாள், சம்பளத்துக்கு மேலே ஒரு சதமும் இல்லை. தாய்மார் முறை வைத்து மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறீர்களே, அதைப் போல நல்ல வேலை இந்த வருடத்தில் வேறில்லை. பருப்பும் சோறும் சுற்றிவர இருந்து சாப்பிடுகிற அந்த இருபது நிமிடத்தில்தான் அந்தப் பிள்ளைகள் சிரிப்பதை நான் பார்த்தேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் மாதிரிப் பேப்பர் அடிக்கக் காசு அனுப்புகிறார்கள். நல்ல மனம், இல்லை என்று சொல்லவில்லை. அதில் ஒருதரம் இரண்டு பந்தும் ஒரு பெட்டி கதைப்புத்தகமும் வாங்கிக் கொடுங்கோ என்று கேட்டுப் பார்த்தேன். “ரீச்சர், ரிசல்ட் வரட்டும், பிறகு பாப்பம்” என்று பதில் வந்தது.

பரீட்சைக்குச் சில நாளுக்கு முன்னால் பரீட்சைத் திணைக்களம் ரியூசன், கருத்தரங்கு எல்லாவற்றையும் தடைசெய்யும். அதற்குப் பயந்து முதல் நாள் நள்ளிரவு வரைக்கும் வகுப்பு வைக்கிறவர்கள் உண்டு, அதற்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். அந்த நாட்களில் அப்பப்பாவோடு தோட்டத்துக்குப் போகட்டும். 2025இல் பரீட்சை ஓகஸ்ட் 10, நல்லூரில் கொடியேறியிருந்த நேரம். ‘சோதினை முடியட்டும்’ என்று திருவிழாவுக்கே கூட்டிப்போகாத வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு பின்னேரம் போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வந்தால் எந்த வெட்டுப்புள்ளியும் குறையாது.

பெறுபேறு எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 2024 செப்ரெம்பரில் எழுதிய பிள்ளைகளுக்கு, முதலாம் வினாத்தாளில் மூன்று கேள்வி முன்கூட்டியே வெளியானதால் விசயம் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த மூன்றுக்கும் எல்லாருக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வர டிசெம்பர் 31 ஆகிவிட்டது, பெறுபேறு அடுத்த ஜனவரியில். பெரியவர்கள் செய்த கூத்துக்குப் பத்து வயதுப் பிள்ளைகள் நாலு மாதம் காத்திருந்தார்கள். இணையத்தில் வரும்போது சுட்டிலக்கத்தை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம், மாமாமாருக்கும்தான். நீரும் அவருமாகப் பார்த்துவிட்டுப் பிறகு மகனைக் கூப்பிடும்.

அவர் ‘பாஸ் பண்ணினால் சைக்கிள்’ என்று சொல்லியிருக்கிறாராம், மகன்தான் சொன்னான். சோதினைக்கு முதலே வாங்கிக் கொடுக்கச் சொல்லும். மகா வித்தியாலயம் என்றாலும், பஸ் ஏறச் சந்திக்குப் போவதென்றாலும், தரம் 6க்கு அவனுக்குச் சைக்கிள் வேணும்.

இப்படிக்கு,
உம்முடைய மகனுக்கல்ல, உமக்குத் தரம் 5 படிப்பித்த ரீச்சர்

பி.கு.: ஒன்பதாவது பேப்பரில் ‘வேரை உணவாகக் கொள்ளும் தாவரம் அல்லாதது எது’ என்று ஒரு கேள்வி. கரட், மரவள்ளி, உருளைக்கிழங்கு. மகன் உருளைக்கிழங்கு என்று போட்டிருக்கிறான், சிவப்புப் பேனையால் பிழை போட்டிருக்கிறது. விடைத்தாளில் மரவள்ளியாம். விடைத்தாள்தான் பிழை, உருளைக்கிழங்கு தண்டு. கட்டைக் கொண்டுவந்தபோது, எப்படித் தெரியும் என்று அவனைக் கேட்டேன். “கண் இருக்கெல்லோ ரீச்சர். அப்பப்பா விதைக்கிழங்கில கண் முளைச்சிருக்கோ எண்டு பாத்துத்தான் நடுவார். வேரில கண் இருக்காது” என்றான். நான் சரி போட்டுவிட்டிருக்கிறேன். புள்ளியைக் கூட்ட வேண்டாம், அவனுக்கு மட்டும் காட்டும்.