நிலைய வித்வான்களுக்கும் டாக்டர் பட்டம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலைஞர்களுக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுக்கறத பத்தி பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மனசுல உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு, ரேடியோ ஸ்டேஷன்ல வேலை பார்த்த சங்கீதக்காரங்கள, அதாவது நிலைய வித்வான்கள, யாரும் நெனைக்கறதில்ல, அத எழுதிடறேன். 2023 நவம்பர்ல தமிழ்நாடு இசை, கவின்கலை பல்கலைக்கழக பட்டமளிப்பு விழாவுல பி. சுசீலா அம்மாவுக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க, டிவில பார்த்து எங்க வீட்ல எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம். அதே விழாவுல பி.எம். சுந்தரம் அவர்களுக்கும் பட்டம் குடுத்தாங்க. ஆனா நான் பார்த்த நியூஸ்ல எல்லாம் அவர் பேரு ஒரு வரியோட முடிஞ்சு போச்சு, யாருப்பா இவருன்னு பசங்க கேட்டாங்க.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைன்னா தவில் உலகத்துல கையெடுத்து கும்பிடுவாங்க, அவரோட பிள்ளை இவர். சங்கீதம் முறையா தெரிஞ்சவர், ஆல் இண்டியா ரேடியோல வேலை பார்த்தவர். நாகஸ்வரம், தவில் வித்வான்கள பத்தி இவர் எழுதின 'மங்கல இசை மன்னர்கள்' புஸ்தகத்த புரட்டிப் பாருங்க, யாரு எந்த ஊரு, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, யாருக்கு யாரு உறவுன்னு வரிசையா வரும். இதெல்லாம் எந்த லைப்ரரிலயும் ரெடியா கெடைக்கற விஷயம் இல்ல, அந்தந்த குடும்பத்துல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சாதான் உண்டு. ஒரு யுனிவர்சிட்டி டிபார்ட்மெண்ட் செய்ய வேண்டிய வேலைய தனி ஆளா செஞ்சிருக்கார்.

ரேடியோல இருந்த சங்கீதக்காரங்க நெறைய பேரு கதை இப்படித்தான், செஞ்ச வேலை பெருசு, வெளில தெரிஞ்சது கொஞ்சம். கர்நாடக சங்கீத வித்வான் பாலமுரளிகிருஷ்ணா சார எடுத்துக்கங்க. ஸ்கூல் படிப்ப சின்ன வயசுலயே விட்டவர், மேளகர்த்தான்னு சொல்ற 72 தாய் ராகத்துலயும் கீர்த்தனை செஞ்சவர், பல யுனிவர்சிட்டிங்க டாக்டர் பட்டம் குடுத்து தாங்களும் பெருமை தேடிக்கிட்டாங்க. ஆனா நம்ம ஊர்ல அவர பத்தி பேசினா சினிமா பாட்டும் சபா கச்சேரியும்தான் வருது. விஜயவாடா ரேடியோ ஸ்டேஷன்ல அவர் இருந்தப்ப காலைல வந்த பக்தி ரஞ்சனி நிகழ்ச்சிய பத்தி ஆந்திராக்காரங்கள கேட்டுப் பாருங்க, பத்ராசல ராமதாசர் கீர்த்தனைங்க எத்தனையோ வீட்டுக்குள்ள போனது அவர் குரல்லதான்.

எங்க பக்கத்துக்கு திருச்சி ஸ்டேஷன், 1939லேர்ந்து இருக்கு. பாட்டு சொல்லிக் குடுக்கற 'இசைப் பயிற்சி' நிகழ்ச்சி வர்ற நேரத்துக்கு எங்க அம்மா அடுப்ப தணிச்சிட்டு பென்சில், நோட்டோட ரேடியோ கிட்ட உக்காந்துடுவாங்க, வாத்தியார் ஒரு வரி பாட ஸ்டுடியோல மாணவிங்க திருப்பிப் பாட, அந்த இடைவெளில ஸ்வரத்த எழுதிக்கணும், விட்டுப்போனா அடுத்த வாரம்தான். பாட்டு வாத்தியாருக்கு பணம் குடுக்க வசதி இல்லாத, வீட்ட விட்டு வெளில போக முடியாத எத்தனை பொம்பளைங்க இப்படி வர்ணமும் கீர்த்தனையும் கத்துக்கிட்டாங்க! அந்த வாத்தியாருங்களும், யாரு பாட வந்தாலும் பக்கவாத்தியம் வாசிச்ச நிலைய வித்வான்களும் செஞ்சது கல்விச் சேவை இல்லாம வேற என்ன சார்?

2022ல காந்திகிராம பல்கலைக்கழகத்துல இளையராஜாவுக்கும் மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் சாருக்கும் பட்டம் குடுத்தப்பவும் சந்தோஷப்பட்டவந்தான் நான். பிரபலமானவங்களுக்கு குடுக்காதீங்கன்னு சொல்லவே இல்ல. அவங்க பக்கத்துல வருஷா வருஷம் ஒரு ரேடியோ கலைஞருக்கும் ஒரு நாற்காலி போடுங்கன்னுதான் கேக்கறேன். திருச்சி, சென்னை, கோவை, மதுரைன்னு ஸ்டேஷன்கள்ல வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவங்க பட்டியல துணைவேந்தருங்க கேட்டு வாங்கணும், அதுவும் அவங்க நடமாட்டமா இருக்கும்போதே. மேடைல படிக்கற பாராட்டுரைல அவார்டு லிஸ்ட்ட மட்டும் ஒப்பிக்காம என்ன நிகழ்ச்சி செஞ்சாங்க, யாருக்கு சொல்லிக் குடுத்தாங்கன்னு விவரமா சொல்லணும். உங்க பத்திரிகையும் வாரம் ஒரு நிலைய வித்வான பேட்டி எடுத்துப் போட்டா, தேர்வு பண்றவங்களுக்கு ஆள் தெரியலைன்னு சொல்ல வழி இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வானொலி நேயர், லால்குடி